விருந்துக்கு முன் ஒரு கிண்ணம்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகவும் சிறியது; ஒரு கிண்ணத்திற்குள் அடங்கிவிடக்கூடியது. பண்டிகை நாட்களில் நண்பர்களும் அண்டை அயலாரும் நம் இல்லத்திற்கு வரும்பொழுது, விருந்துக்கு முன்னர் அவர்கள் கையில் நாம் கொடுக்கும் சிற்றுண்டியைப் பற்றியே சொல்லப் போகிறேன். மொழிபெயர்ப்பாளன் ஒருவனுக்குச் சமையலைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று சிலர் கேட்கக்கூடும். எனக்கு இரண்டு தகுதிகள் உண்டு. இந்தச் சிற்றுண்டிக்குத் தமிழில் ஒரு பெயர் தேடி நான் பட்ட பாடு ஒன்று. 2010-ஆம் ஆண்டு முதல் எங்கள் வீட்டு நவராத்திரிச் சுண்டலை நானே செய்து வருகிறேன் என்பது மற்றொன்று.

முதலில் பெயரைப் பார்ப்போம். சில ஆண்டுகளுக்கு முன், விருந்தோம்பல் பற்றிய கையேடு ஒன்று என் மேசைக்கு வந்தது. அதில் ‘அப்பிடைஸர்’ என்னும் சொல் பக்கத்துக்குப் பக்கம் இடம் பெற்றிருந்தது. உணவுக்கு முன் பசியைத் தூண்டுவதற்காகப் பரிமாறப்படும் சிறு பண்டம் என்பது அதன் பொருள். நான் ‘பசிதூண்டி’ என்று எழுதினேன். அதைப் படித்த மேலதிகாரி, “இது தீபாவளி லேகியத்துக்குப் பொருந்துமே அல்லாமல் பலகாரத்துக்குப் பொருந்தாது” என்று சொல்லிச் சிரித்தார். ‘முன்னுண்டி’ என்று மாற்றினேன். அது யாருக்கும் விளங்கவில்லை. முடிவில் ‘தொடக்கச் சிற்றுண்டி’ என்று எழுதி அனுப்பினேன். எனினும் என் மனம் நிறைவடையவில்லை.

ஏன் நமக்கு இதற்கென ஒரு தனிச் சொல் இல்லை? நமது இலைச் சாப்பாட்டில், மேல்நாட்டார் விருந்தில் இருப்பதுபோல் ஒன்றன்பின் ஒன்றாக வரும் படிகள் மிகுதியாக இல்லை. இலையின் ஓரத்தில் சிறிது பாயசத்தைத் தொட்டு வைத்து, கூட்டும் கறியும் பச்சடியும் ஒருங்கே பரிமாறி, பின்னர் சோறு இடுவதே நம் வழக்கம். ஆனால் சொல் இல்லையென்றால் பொருளும் இல்லை என்று எண்ணிவிடலாகாது. இராமநவமியன்று பானகமும் நீர்மோரும் கோசுமல்லியும் கொடுக்கிறோம். கொலு வைத்த வீட்டில் குங்குமத்தோடு சுண்டல் கொடுக்கிறோம். வீட்டுக்கு வந்தவரை வெறும் வாயோடு அனுப்பக்கூடாது என்று நம் பாட்டிமார் சொன்னதன் கருத்தும் இதுவே அன்றோ?

நேயர்களே, சொந்த ஊரில் ஒரு பண்டிகை வந்தால், அடுப்பங்கரையில் அத்தையும் சித்தியும் மன்னியும் என்று நான்கைந்து பேர் இருப்பார்கள். ஒருவர் தேங்காய் துருவுவார், ஒருவர் தாளிப்பார், மற்றொருவர் வந்தவர்களை வரவேற்பார். குடிபெயர்ந்து வந்த ஊரிலோ வீட்டில் இருப்பவர் இருவர். அவ்விருவருமே மாலை ஆறரை மணிக்குத்தான் அலுவலகத்திலிருந்து திரும்புகிறார்கள். ஏழு மணிக்கு விருந்தினர் வாயிலில் நிற்பார்கள். இந்த அரை மணி நேரத்திற்கு அஞ்சியே, நம்மில் பலர் கொலு வைப்பதையும், பொங்கலுக்கு நான்கு பேரை அழைப்பதையும் சிறிது சிறிதாக விட்டுவிடுகிறோம். அழைப்பவர்களும்கூடக் கடைப் பெட்டி ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அழைத்து, உபசரித்து, முன்னின்று செய்பவள் இல்லத்தரசி. ஆயினும் அந்த மாலை முழுவதும் கொலுவின் முன் ஐந்து நிமிடம் உட்கார அவளுக்கு நேரம் இருப்பதில்லை.

எங்கள் வீட்டிலும் இதுவே நடந்தது. அதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

2009-ஆம் ஆண்டில் எங்களுக்குத் தில்லி சரோஜினி நகரில் அரசாங்கக் குடியிருப்பு ஒன்று கிடைத்தது. அவ்வாண்டு என் மனைவி முதன்முறையாகத் தில்லியில் கொலு வைத்தாள். ஐந்தே படிகள், ஊரிலிருந்து வைக்கோல் சுற்றிக் கொண்டுவந்த பொம்மைகள். அடுத்த வீட்டில் ஒரு பஞ்சாபி மூதாட்டி இருந்தார். என் மனைவி அவரை ‘ஆன்ட்டிஜி’ என்று அழைப்பாள்; அவர் இவளைப் ‘பேட்டி’, அதாவது மகளே, என்று அழைப்பார். நவராத்திரியின் இரண்டாம் நாள் அவரையும், அதே மாடியில் இருந்த வேறு இரு பெண்மணிகளையும் அழைத்திருந்தோம். என் மனைவி அலுவலகத்தில் அரை நாள் விடுப்பு எடுத்து, கொண்டைக்கடலைச் சுண்டலும் உளுந்து வடையும் செய்தாள். மூவரும் வந்தார்கள், பொம்மைகளை வியந்து பார்த்தார்கள், குங்குமம் பெற்றுக்கொண்டார்கள். சுண்டல் கிண்ணத்தைக் கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பிறகு அதை அப்படியே மேசைமேல் வைத்துவிட்டு, இரண்டு வாழைப்பழங்களை மட்டும் எடுத்துக்கொண்டு விடைபெற்றுச் சென்றார்கள்.

அன்றிரவு மூன்று கிண்ணங்களும் நிறைந்தபடியே மேசைமேல் இருந்தன. “நம் கைப்பக்குவம் இவர்களுக்குப் பிடிக்காது போலிருக்கிறது” என்று சொல்லிவிட்டு என் மனைவி விளக்கை அணைத்தாள். அதன்பின் ஆறு நாட்கள் அவள் ஒருவரையும் அழைக்கவில்லை. மாடிப்படியில் ஆன்ட்டிஜியைக் கண்டாலும் தலையை அசைத்துவிட்டு விரைந்து வந்துவிடுவாள். நானும் ஏதோ சமாதானம் சொன்னேனே தவிர, காரணத்தை அறிய முயலவில்லை.

அஷ்டமியன்று காலையில் ஆன்ட்டிஜியின் பேத்தி வந்து, நான்கு வயதான எங்கள் மகளைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றாள். வடநாட்டில் அஷ்டமி அல்லது நவமியன்று சிறு பெண் குழந்தைகளைத் தேவியாக எண்ணி, அவர்கள் கால்களைக் கழுவி, நெற்றியில் திலகமிட்டு, மணிக்கட்டில் சிவப்புக் கயிறு கட்டி உணவளிப்பார்கள்; இதனைக் ‘கஞ்சக்’ என்பார்கள். அரை மணி கழித்து எங்கள் மகள் தலையில் சிவப்புத் துணியும் கையில் ஒரு தட்டுமாகத் திரும்பி வந்தாள். தட்டில் இரண்டு பூரிகளும், ரவை அல்வாவும், நீர் வற்ற வதக்கிய கருப்புக் கொண்டைக்கடலையும் இருந்தன. என் மனைவி ஒரு கடலையை எடுத்து வாயில் போட்டாள். “இது நம் சுண்டல்தானே! தேங்காய் ஒன்றுதான் இல்லை” என்றாள்.

பிறகு அவளே அடுத்த வீட்டிற்குச் சென்றாள். அப்பொழுதுதான் உண்மை தெரிந்தது. அந்த வீட்டில் நவராத்திரி நாட்கள் முழுவதும் விரதம். தானியமும் பருப்பும் உட்கொள்வதில்லை. அஷ்டமி பூசையில் குழந்தைகளுக்கு உணவளித்த பின்னரே விரதம் முடிகிறது. “உன் வீட்டுப் பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, பேட்டி, உண்பதற்கும் வழியில்லை” என்று அந்த மூதாட்டி சொன்னாராம். இரு வீடுகளுக்கும் இடையே ஒரு சுவர்தான். ஒன்றில் நவராத்திரி என்றால் சுண்டல். மற்றொன்றில் நவராத்திரி என்றால் சுண்டலை விலக்குதல். இரண்டும் ஒரே தேவியின் பொருட்டே. இதை அறியாமல் நாங்கள் ஆறு நாட்களை வீணாக்கிவிட்டோம்.

அடுத்த ஆண்டு நாங்கள் இரண்டு முடிவுகள் செய்தோம். முதலாவது, வருகிறவர் எதை உண்பார் என்று முன்கூட்டியே கேட்டுவிடுவது. இரண்டாவது, அடுப்பங்கரைப் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்வது. ஊரிலிருந்து வந்திருந்த என் அன்னைக்கு இரண்டாவது முடிவு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனால் மூன்றாம் நாள் அவரே என் அருகில் வந்து நின்று, “பெருங்காயத்தை எண்ணெய் காய்ந்தவுடன் போடு” என்று சொல்லிக்கொடுக்கத் தொடங்கிவிட்டார்.

இனி, அனுபவத்தில் நாங்கள் கண்டறிந்த முறைகளைச் சொல்கிறேன்.

முன்னதாகக் கொடுக்கும் சிற்றுண்டிக்கு இலக்கணம் மூன்று. அளவில் சிறியதாக இருக்க வேண்டும். ஒருவருக்கு ஒரு சிறு கிண்ணம் போதும். எண்ணெயில் மூழ்கியதாக இருத்தல் கூடாது; கொழுப்பு மிகுந்த பண்டம் இரைப்பையில் நெடுநேரம் தங்கிப் பசியை மழுக்கிவிடும். புளிப்பு, காரம், உப்பு ஆகிய மூன்றும் மெல்லியதாகக் கலந்திருக்க வேண்டும்; இவையே நாவில் நீரூறச் செய்கின்றன. எலுமிச்சை, இஞ்சி, மிளகு, சீரகம், மாங்காய் ஆகியவை ஏன் இவ்வகைப் பண்டங்களில் அடிக்கடி வருகின்றன என்பது இதனால் விளங்கும்.

முதலிடம் சுண்டலுக்கே உரியது. 250 கிராம் கருப்புக் கொண்டைக்கடலை எடுத்துக்கொண்டால், ஊறி வெந்தபின் அது இரு மடங்குக்கு மேல் ஆகும். பத்துப் பன்னிரண்டு பேருக்குச் சிறு கிண்ணத்தில் கொடுக்கலாம். முதல்நாள் இரவே நிறையத் தண்ணீர் ஊற்றி ஊற வைத்துவிடுங்கள். எட்டு மணி நேரத்திற்குக் குறையலாகாது. காலையில் அலுவலகம் புறப்படும் முன் உப்புச் சேர்த்து, பிரஷர் குக்கரில் ஐந்தாறு விசில் வரும்வரை வேக வையுங்கள். நீரை வடித்து, கடலையை ஆறவிட்டு, மூடிய பாத்திரத்தில் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டால் காலை வேலை முடிந்தது. வடித்த நீரை வீணாக்க வேண்டாம். அன்றைய ரசத்துக்கு அது உதவும்.

மாலையில் எஞ்சியிருப்பது ஐந்து நிமிட வேலை. இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, இரண்டு வற்றல் மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை ஆகியவற்றைத் தாளித்து, கடலையைக் கொட்டி நன்றாகச் சூடேறக் கிளறி, அடுப்பை அணைத்தபின் தேங்காய்த் துருவலும் சில துளி எலுமிச்சைச் சாறும் சேருங்கள். தேங்காயைக் காலையிலேயே சேர்த்துவிட்டால் மாலைக்குள் சுண்டல் ஊசிப்போகும். புரட்டாசி மாதத்தில் வடநாட்டில் பகல் வெப்பம் இன்னும் தணிந்திருப்பதில்லை என்பதை மறக்க வேண்டாம். தேங்காய் சேர்த்த சுண்டலை இரண்டு மணி நேரத்திற்குள் உண்டுவிடுவது நலம்.

தில்லி போன்ற ஊர்களில் நிலத்தடி நீர் பெரும்பாலும் கடின நீராகவே இருக்கிறது. அதிலுள்ள சுண்ணச் சத்து கடலையின் தோலை இறுகச் செய்து, எளிதில் வேகவிடாது. சிலர் இதற்காகச் சமையல் சோடாவைச் சேர்ப்பார்கள். கடலை விரைவில் குழையும் என்பது உண்மையே, ஆனால் அதிலுள்ள பி-1 வைட்டமின் அழிந்துவிடும், சுவையும் கெடும். வடிகட்டிச் சுத்திகரித்த குடிநீரிலேயே ஊற வைத்து வேக வைப்பது மேலான வழி.

ஊற வைக்க மறந்துவிட்டால் என்ன செய்வது? எல்லோருக்கும் நேரும் மறதிதான் இது. கொண்டைக்கடலையைக் கழுவி, சூடு காக்கும் பாத்திரத்தில் இட்டு, கொதிக்கும் நீரை அது மூழ்கி மேலும் மூன்று விரற்கடை நிற்கும்படி ஊற்றி, ஒரு மணி நேரம் மூடி வையுங்கள். பிறகு வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாக விசில் வைத்தால் வெந்துவிடும். அதற்கும் நேரமில்லை என்றால் கொண்டைக்கடலையை விட்டுவிட்டுப் பச்சைப் பட்டாணிக்கோ இனிப்புச் சோளத்திற்கோ மாறிவிடுங்கள். பத்து நிமிடத்தில் வேகும், தாளிப்பு அதேதான்.

வேக வைக்கவே தேவைப்படாதது கோசுமல்லி. 100 கிராம் பாசிப்பருப்பை அரை மணி முதல் முக்கால் மணி வரை ஊற வைத்து வடித்துவிடுங்கள். பொடியாக நறுக்கிய வெள்ளரி, துருவிய கேரட், கிடைக்குமானால் சிறிது மாங்காய், தேங்காய், கொத்துமல்லி ஆகியவற்றைக் கலந்து, கடுகும் பச்சை மிளகாயும் தாளித்துக் கொட்டுங்கள். உப்பையும் எலுமிச்சைச் சாற்றையும் பரிமாறும் நேரத்திலேயே சேர்க்க வேண்டும். முன்னதாகச் சேர்த்தால் வெள்ளரி நீர் விட்டு, கிண்ணத்தின் அடியில் குளம் கட்டிவிடும். ஆறு முதல் எட்டுப் பேருக்கு இது போதும்.

இனி, விரதம் இருக்கும் வடநாட்டு விருந்தினருக்கு உரியதைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் இதற்கு ‘ஆன்ட்டிஜி சுண்டல்’ என்றே பெயர். பருப்பு வகைகளை விலக்கும் அவர்கள் நிலக்கடலையை விலக்குவதில்லை. ஆகவே 250 கிராம் பச்சை நிலக்கடலையை ஒரு மணி நேரம் ஊற வைத்து, மூன்று நான்கு விசிலில் வேக வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண உப்புக்குப் பதிலாக அவர்கள் ‘சேந்தா நமக்’ என்னும் பாறை உப்பைச் சேர்ப்பார்கள். இது நமக்குப் புதியதன்று. நம் நாட்டு மருந்துக் கடைகளில் ‘இந்துப்பு’ என்று கேட்டால் கொடுப்பது இதுவே. சிந்து நாட்டு உப்பு என்பதே இரண்டு பெயர்களிலும் அடங்கிய பொருள். கடுகு, பெருங்காயம், உளுத்தம்பருப்பு ஆகியவற்றை நீக்கிவிட்டு, நெய்யில் சீரகமும் பச்சை மிளகாயும் இஞ்சியும் தாளித்து, நிலக்கடலையைக் கிளறித் தேங்காய் தூவுங்கள். விரத விதிகள் குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடும். ஆகையால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. கேட்பதனால் யாரும் வருந்துவதில்லை. கேளாமல் இருந்ததனால்தான் நாங்கள் வருந்தினோம்.

இதே விரதத்திற்கு ஏற்ற மற்றொன்று மக்கானா. இதைப் பலர் தாமரை விதை என்று எண்ணுகிறார்கள். உண்மையில் இது குளங்களில் வளரும், முட்கள் நிறைந்த இலைகளைக் கொண்ட வேறொரு நீர்த்தாவரத்தின் விதை. வறுத்துப் பொரித்து எடுக்கப்படுவது. பீகாரின் மிதிலைப் பகுதி இதற்குப் பெயர் பெற்றது. மிதிலை மக்கானாவுக்கு 2022-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் வழங்கப்பட்டது. ஒரு மேசைக்கரண்டி நெய்யில், சிறு தீயில், ஏழெட்டு நிமிடம் வறுங்கள். விரலால் அழுத்தினால் நொறுங்க வேண்டும், அதுவே பதம். இறக்கும்பொழுது மிளகுத் தூளும் இந்துப்பும் கறிவேப்பிலையும் சேர்த்துவிட்டால், வடநாட்டுப் பண்டத்தில் நம் ஊர் மணம் வந்துவிடும். ஆறியபின் காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் பல நாட்கள் மொறுமொறுப்பாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமையன்றே செய்துவைத்துக் கொள்ளலாம். விரதகாலத்தில் அவர்கள் உண்ணும் ‘சாமக்’ அரிசி என்பதும் நமது குதிரைவாலியே என்பதை இங்கே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

குழந்தைகளும் இளைஞர்களும் மிகுதியாக வரும் நாட்களுக்குச் சேலத்துத் தட்டுவடை ‘செட்’ ஏற்றது. சேலத்துக் கடைவீதிகளில் மாலைதோறும் கூட்டம் கூட்டமாக நின்று உண்ணும் பண்டம் இது. ஒரு சிறு தட்டுவடையின்மீது காரச் சட்டினியும் பச்சைச் சட்டினியும் தடவி, துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் நறுக்கிய வெங்காயமும் வைத்து, மேலே மற்றொரு தட்டுவடையால் மூடிக் கொடுப்பார்கள். ஊரிலிருந்து வந்த தட்டுவடை டப்பாவில் இருந்தால், சட்டினிகளைக் காலையிலேயே அரைத்துக்கொண்டு, விருந்தினர் வந்தபின் அவர்கள் எதிரிலேயே அடுக்கிக் கொடுக்கலாம். முன்பே அடுக்கி வைத்தால் நமுத்துப்போகும். தில்லிவாசிகள் இதை நம் ஊர்ப் ‘பாப்டி சாட்’ என்று சொல்லி, இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள்.

வீட்டில் இட்லி மாவு மீதமிருந்தால் சிற்றிட்லி ஊற்றிவிடலாம். சிறு குழிகள் கொண்ட தட்டில் ஏழு நிமிடத்தில் வெந்துவிடும். சூடு ஆறியபின் நல்லெண்ணெயும் மிளகாய்ப் பொடியும் சேர்த்துப் புரட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு பற்குச்சியைக் குத்திவைத்தால் கையில் எண்ணெய் படாமல் எடுத்துக்கொள்வார்கள். பருக நீர்மோர் போதும். ஒரு பங்கு தயிருக்கு மூன்று பங்கு தண்ணீர், சிறிது இஞ்சி, கறிவேப்பிலை, உப்பு. குளிர் தொடங்கிவிட்ட தீபாவளி நாட்களில் நீர்மோருக்குப் பதிலாகச் சுக்கும் வெல்லமும் சேர்த்த வெந்நீர்ப் பானகம் கொடுக்கலாம்.

இவை அனைத்தையும் ஒரே நாளில் செய்யுமாறு நான் சொல்லவில்லை. ஒரு மாலைக்கு இரண்டு போதும். ஒன்று வெந்தது, ஒன்று வேகாதது. முதல்நாள் இரவு ஊற வைத்தல், காலையில் வேக வைத்தல், மாலையில் தாளித்தல் என்று வேலையை மூன்றாகப் பிரித்துக்கொண்டால், ஒவ்வொன்றும் கால் மணிக்கு மேல் உங்கள் நேரத்தைக் கேட்காது. தேங்காயை ஞாயிற்றுக்கிழமையே துருவி, சிறு சிறு பொட்டலங்களாக உறைபெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். கறிவேப்பிலைக்கு ஒரு தொட்டி வையுங்கள். வடநாட்டுக் குளிரில் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும். பட்டுப்போனது என்று பிடுங்கிவிடாமல் பங்குனி வரை பொறுத்தால் மீண்டும் துளிர்க்கும்.

நேயர்களே, நீங்கள் வாழும் ஊர் எதுவாயினும், அங்கே நமது சுண்டலுக்கு ஓர் உறவினர் இருப்பார் என்பதை நான் உறுதியாகச் சொல்வேன். ஆந்திரத்திலும் தெலங்கானத்திலும் அவர் பெயர் குக்கிள்ளு. கன்னட நாட்டில் உஸ்லி. நமது கோசுமல்லி அங்கே கோசம்பரி. மராட்டியத்தில் சற்றே குழம்புடன் சேர்ந்து உசல் ஆகிறார். வங்காளத்தில் உலர்ந்த பட்டாணியோடு இஞ்சியும் தேங்காய்த் துண்டுகளும் சேர்ந்து குக்னி என்று பெயர் பெறுகிறார். பஞ்சாபியர் வீட்டில் அஷ்டமித் தட்டில் அல்வாவுக்கும் பூரிக்கும் நடுவே அமர்ந்திருக்கிறார். அண்டை வீட்டாரிடம் அவர்களுடைய முறையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நம் முறையை அவர்களுக்குச் சொல்லுங்கள். குடிபெயர்ந்து வந்த ஊரில் வேர் பிடிப்பதற்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

எங்கள் கதையின் எஞ்சிய பகுதியையும் சொல்லிவிடுகிறேன். 2016-ஆம் ஆண்டில் மைய அமைச்சரவை, தில்லியின் ஏழு அரசுக் குடியிருப்புப் பகுதிகளைப் புதுப்பித்துக் கட்டுவதற்கு ஒப்புதல் அளித்தது. சரோஜினி நகரும் அவற்றுள் ஒன்று. அதன்பின் அங்கிருந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து சென்றன. எங்களுக்கு இராமகிருஷ்ணபுரத்தில் வீடு கிடைத்தது. ஆன்ட்டிஜி மகனோடு துவாரகைக்குச் சென்றுவிட்டார். அந்தப் பழைய மாடிப்படி இப்பொழுது இல்லை. ஆயினும் ஆண்டுதோறும் நவராத்திரியில் ஒரு மாலை, முழங்கால் வலியையும் பொருட்படுத்தாமல், ஜனக்புரி மேற்கு நிலையத்தில் மெட்ரோ வண்டி மாறி அந்த மூதாட்டி எங்கள் கொலுவைக் காண வருகிறார். என் மனைவி அவர் அருகில் உட்கார்ந்துகொள்கிறாள். இருவரும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் பேசுகிறார்கள். நான் அடுப்பங்கரையிலிருந்து நிலக்கடலைச் சுண்டலைக் கொண்டுவந்து கொடுக்கிறேன். கிண்ணம் காலியாகத் திரும்பி வருகிறது.

அன்று சிவப்புத் துணி போர்த்தித் தட்டோடு வந்த எங்கள் மகள் வளர்ந்து, இப்பொழுது வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். சென்ற ஆண்டு பண்டிகை நாளன்று மாலை தொலைபேசியில் அழைத்தாள். “அப்பா, அறைத் தோழிகள் எட்டுப் பேர் வருகிறார்கள், கடலையை ஊற வைக்க மறந்துவிட்டேன், என்ன செய்வது?” என்று கேட்டாள். சூடு காக்கும் பாத்திரமும் கொதிநீரும் பற்றிச் சொன்னேன். சொல்லி முடித்தபின், “வருகிறவர்களில் யாராவது விரதமா என்று கேட்டாயா?” என்றேன். “அதை முதலிலேயே கேட்டுவிட்டேன், அப்பா” என்றாள்.

இந்தச் சிற்றுண்டிக்குத் தமிழில் என்ன பெயர் என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. நேயர்களுள் எவருக்கேனும் நல்ல சொல் ஒன்று தோன்றினால், அதைக் கொண்டு உங்கள் வீட்டு விருந்தினரை அழையுங்கள். சொல் கிடைக்கும்வரை காத்திராமல், வரும் பண்டிகைக்கு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி நான்கு பேரை அழைத்துவிடுங்கள். ஒரு பிடி கடலையை இன்றிரவு ஊற வைப்பதே அதற்குத் தொடக்கம்.